சிம்ஸ் 4: மொட்ஸ் போல்டரில் இரட்டைக் கோப்புகளைக் களைவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

நிலாவெளியிலிருந்து சித்தியின் மகள் ஒரு பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தாள். "அக்கா, இதில எல்லாம் இருக்கு. அப்பிடியே கொப்பி பண்ணிப் போடுங்கோ" என்றாள். நானும் போட்டேன். அதுவரை, ஆட்களை உருவாக்கி வீடு கட்டி வாழவைக்கும் கணினி விளையாட்டான சிம்ஸ் 4 திறப்பதற்குள் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். அன்றைக்குப் பிறகு குடித்து, கோப்பையைக் கழுவி, கொடியில் காயும் உடுப்பையும் எடுத்து மடித்து வைக்க நேரம் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். விளையாட்டில் நாமாகச் சேர்க்கும் கோப்புகளைத்தான் மொட்ஸ் என்பார்கள். அவற்றைப் போடும் மொட்ஸ் போல்டருக்குள் இன்னொரு மொட்ஸ் போல்டர். அதற்குள் 'மொட்ஸ் பழசு'. அதற்குள் என்னிடமிருந்தே அவள் போன வருடம் வாங்கிப்போன கோப்புகள், திரும்பவும் என் வீட்டுக்கே வந்திருந்தன. ஒரே பட்டுச்சேலை நான்கு இடத்தில் கிடந்தது.

சிம்ஸ் 4 வெளிவந்தது 2014இல். 2022 ஒக்டோபரில் அடிப்படை விளையாட்டை இலவசமாக்கினார்கள். அதற்குப் பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் விளையாடத் தொடங்கினார்கள். சேலை, பாவாடை சட்டை, பூ வைத்த பின்னல், வாழைமரம், திண்ணை வைத்த வீடு எல்லாம் ஆட்டத்தில் வேண்டுமென்றால் சிசி போட்டே ஆக வேண்டும். விளையாடுகிறவர்கள் தாங்களே செய்து பகிரும் உடைகளையும் பொருட்களையும்தான் சிசி (கஸ்டம் கொன்டென்ட்) என்கிறோம். திருகோணமலையில் பெரும்பாலும் அது பென் டிரைவில் கைமாறித்தான் வருகிறது. டேட்டா செலவாகுமே என்று ஒருவர் இரவு டேட்டாவில் இறக்க, மற்றவர்கள் கொப்பி எடுப்பார்கள். இரட்டைக் கோப்புகள் பெருகுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கீழே இருப்பது விண்டோஸ் கணினிக்கானது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடியே இல்லை, அவற்றில் மொட்ஸ் போட முடியாது.

முதலில், எது இரட்டை?

இதைப் புரிந்துகொள்ளாமல் அழிக்கத் தொடங்கினால் வேண்டியதும் சேர்ந்து போய்விடும். அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

சிசி கோப்புகள் பெயரின் முடிவில் 'பக்கேஜ்' என்ற நீட்சியோடு வரும். ஒரு பக்கேஜ் என்பது ஒரு பை மாதிரி. அதற்குள் துணியின் உருவம், அதன் நிறப்படம், சிறிய முகப்புப் படம் என்று பல உருப்படிகள் இருக்கும். ஒவ்வோர் உருப்படிக்கும் டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் என்று மூன்று எண்கள் உண்டு. மூன்றையும் சேர்த்தால் அதுதான் அந்த உருப்படியின் அடையாள அட்டை. விளையாட்டு கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, இந்த எண்களைத்தான் பார்க்கிறது. ஒரே எண்களோடு இரண்டு உருப்படிகள் வந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். ஒரு கோப்பை நீங்கள் நாலு கொப்பி போட்டு வைத்திருந்தாலும், ஆளை உருவாக்கும் திரையில் அந்தச் சேலை ஒரு தடவைதான் தெரியும். திரையில் ஒரே சேலை இரண்டு தடவை தெரிந்தால் அவை கொப்பிகள் அல்ல. எண்கள் வேறான, தோற்றம் மட்டும் ஒன்றான இரண்டு உருப்படிகள் அவை. ஆகவே திரையைப் பார்த்து இரட்டைக் கோப்பைத் தேடிப் பயனில்லை. உண்மையான இரட்டை கண்ணில் படாது. அது வட்டில் இடம் பிடிக்கும், திறக்கும் நேரத்தை இழுக்கும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் ஏன் களைய வேண்டும்? சேலையின் நாலு கொப்பியால் ஆட்டம் உடையாது. உடைப்பது பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றாகக் கிடப்பது. இரண்டுக்கும் எண்கள் ஒன்று, உள்ளடக்கம் வேறு. விளையாட்டு எதை எடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. "அப்டேட் போட்டேன், இன்னும் சரிவரவில்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் தங்கள் போல்டரில் பழையது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

படி 1: விளையாட்டை மூடி, ஒரு பிரதி எடுங்கள்

டொகியுமென்ட்ஸ் போல்டருக்குள் 'எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்', அதற்குள் 'த சிம்ஸ் 4'. அந்தப் போல்டரை முழுவதுமாக வேறொரு டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கள். மொட்ஸ் மட்டும் போதாது. சேவ்ஸ், டிரே ஆகிய இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன, நீங்கள் மாதக்கணக்காக வளர்த்த குடும்பமும் கட்டிய வீடும் அங்கேதான்.

கட் பண்ணி ஒட்ட வேண்டாம், கொப்பி மட்டும். கட் பண்ணிப் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் எது வந்தது, எது நின்றது என்று இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டிவரும். எனக்கு ஒரு தடவை நடந்தது, போதும்.

இன்னொன்று. மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவ் (OneDrive) இயங்கும் கணினிகளில் டொகியுமென்ட்ஸ் போல்டர் வன்டிரைவுக்குள் மாறியிருக்கலாம். அப்போது 'த சிம்ஸ் 4' என்ற பெயரில் இரண்டு போல்டர்கள் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று உயிருள்ளது, மற்றது வெறும் கூடு. எது எதுவென்று தெரியவேண்டுமென்றால் விளையாட்டைத் திறந்து, ஒரு தடவை சேவ் பண்ணி மூடுங்கள். சேவ்ஸ் போல்டரில் எந்த இடத்தில் இன்றைய நேரம் விழுந்திருக்கிறதோ அதுதான் உயிருள்ளது. சிலர் ஒரு மணித்தியாலம் கூட்டைத் துப்பரவாக்கிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்பார்கள்.

படி 2: இருக்கக்கூடாததை வெளியே எடுங்கள்

எக்ஸ்புளோரரில் வியூ பட்டியலுக்குப் போய் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி வையுங்கள். பிறகு மொட்ஸ் போல்டரை வகைப்படி அடுக்குங்கள்.

சிப், ரார் கோப்புகளை விளையாட்டு வாசிக்காது. அவிழ்த்த பிறகும் மூலத்தை அங்கேயே விட்டிருப்பீர்கள். அப்படியே வெளியே போகட்டும். டிரே-ஐட்டம், புளூபிரின்ட் போன்ற நீட்சிகள் உள்ளவை வீடும் குடும்பமும். அவை டிரே போல்டருக்குப் போக வேண்டியவை, மொட்ஸில் கிடந்து பயனில்லை.

போல்டருக்குள் போல்டராக இருப்பதையும் இப்போதே பாருங்கள். மொட்ஸ் போல்டரில் 'ரிசோர்ஸ்' என்று ஒரு சிறிய அமைப்புக் கோப்பு இருக்கும். அதன்படி பக்கேஜ்களை ஐந்து உள்போல்டர் ஆழம் வரைக்கும் விளையாட்டு தேடும். அதற்கும் கீழே இருப்பது இல்லாததற்குச் சமம். தங்கச்சியின் பென் டிரைவில் சில நகைகள் ஏழாவது மாடியில் இருந்தன. "அக்கா, அந்தத் தோடு வரவே வராது" என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வராமல் விட்டதன் காரணம் அதுதான்.

படி 3: பெயரை வைத்து ஒரு சுற்று

மொட்ஸ் போல்டரின் தேடல் பெட்டியில் (1) என்று தேடுங்கள். பிறகு (2). ஒரே கோப்பை இரண்டாவது தடவை இறக்கும்போது பிரௌசர் பெயருக்குப் பின்னால் இந்த எண்ணைச் சேர்த்துவிடும். விண்டோஸ் தானே 'கொப்பி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒட்டி வைத்தவற்றையும் தேடிக்கொள்ளுங்கள்.

கிடைத்ததையெல்லாம் தெரிவுசெய்து டிலீட் அமுக்கிவிடத் தோன்றும். வேண்டாம். (1) உள்ள கோப்பு சிலவேளை ஒரே கொப்பியாக இருக்கும், எண் இல்லாதது டவுன்லோட்ஸ் போல்டரிலேயே தங்கிவிட்டிருக்கும். சிலவேளை (1) உள்ளதுதான் புதிய பதிப்பாக இருக்கும், ஏனென்றால் செய்தவர் அதே பெயரில் திருத்தி வெளியிட்டிருப்பார். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான், வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றும்போதுதான் சூடு வேறு வேறு என்று தெரியும். பெயர் ஒன்றான கோப்புகளும் அப்படித்தான். அள்ளிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்றில் செய்யவேண்டியது இவ்வளவுதான்: இரண்டின் அளவையும் பைட் கணக்கில் பாருங்கள். அளவு வேறென்றால் அவை இரண்டு பதிப்புகள், படி 5 வரை தொடாதீர்கள். அளவு ஒன்றென்றால் அடுத்த படிக்கு.

படி 4: உள்ளடக்கத்தை வைத்துத் தேடுதல்

இதைக் கையால் செய்ய முடியாது. டூப்குரு என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸிலும் மெக்கிலும் லினக்ஸிலும் ஓடும். சிம்ஸுக்கென்று செய்தது அல்ல. அதனால்தான் எனக்குப் பிடிக்கும், விளையாட்டு எத்தனை தடவை அப்டேட் ஆனாலும் இதற்கு ஒன்றும் ஆகாது.

திறந்து, ஸ்டாண்டர்ட் முறையில், தேடும் வகையை 'கொன்டென்ட்ஸ்' என்று மாற்றுங்கள். இதுதான் கோப்பின் உள்ளே இருப்பதை ஒப்பிடுவது. பெயரை ஒப்பிடும் வகையில் விட்டால் படி 3இன் குழப்பம் முழுவதும் திரும்ப வரும்.

அமைப்புகளுக்குள் போய், சிறிய கோப்புகளைத் தவிர்க்கும் தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள், இயங்கினால் நிறுத்துங்கள். ஆட்டத்தின் நடத்தையை மாற்றும் சின்ன மொட்ஸ் இரண்டு, மூன்று கிலோபைட்தான் இருக்கும். பழையதும் புதியதும் கலந்தால் அதிகம் தொல்லை தருபவை அவைதான். அவற்றையே தவறவிட்டால் என்ன பயன்?

அடுத்து மொட்ஸ் போல்டரைச் சேருங்கள். நீங்கள் ஏற்கனவே ஒழுங்காக அடுக்கி வைத்த உள்போல்டர் இருந்தால் அதன் நிலையை 'ரெபரன்ஸ்' என்று மாற்றுங்கள். அப்படிச் செய்தால் அதற்குள் இருப்பது மூலம் என்று எடுத்துக்கொள்ளப்படும், அதிலிருந்து எதையும் டூப்குரு அகற்றாது. நான் என் பழைய போல்டரை ரெபரன்ஸ் ஆக்கி, தங்கச்சி கொண்டுவந்ததைச் சாதாரணமாக விட்டேன். தேடி முடிந்ததும் அவள் பக்கத்துக் கொப்பிகள் மட்டும் அகற்றத் தயாராக வரிசையில் நின்றன. ரெபரன்ஸ் ஒன்றும் வைக்காவிட்டால் ஒவ்வொரு குழுவிலும் எதை வைத்திருப்பது என்று அதுவே ஒன்றைத் தெரிந்துவிடும், பெரும்பாலும் நீங்கள் விரும்பாத போல்டரில் இருப்பதை.

முடிவுப் பட்டியலில் பக்கேஜ் அல்லாதவற்றைக் குறிக்காதீர்கள். சில மொட்ஸ் தங்கள் அமைப்புகளைத் தனிக் கோப்பில் வைத்திருக்கும், அவை தற்செயலாக ஒன்றுபோல இருக்கலாம்.

குறித்தவற்றை அழிக்க வேண்டாம், நகர்த்துங்கள். நகர்த்தும்போது போல்டர் பாதையையும் அப்படியே உருவாக்கும் தெரிவு ஒன்று அமைப்புகளில் இருக்கிறது, அதைப் போடுங்கள். பிறகு ஏதாவது திரும்ப வேண்டுமென்றால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். நகர்த்தும் இடம் மொட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். மொட்ஸுக்குள்ளேயே 'அழிக்க வேண்டியவை' என்று போல்டர் வைத்தால் விளையாட்டு அதையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கும். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் செய்வார்கள்.

படி 5: பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

இப்போது மிஞ்சியிருப்பவை மனிதக் கண் பார்த்து முடிவெடுக்க வேண்டியவை. ஸ்கிரிப்ட் மொட்ஸிலிருந்து தொடங்குங்கள். அவற்றின் நீட்சி 'டிஎஸ்4ஸ்கிரிப்ட்'. உள்ளே பைதன் நிரல்தான், சிப் மாதிரிக் கட்டியிருக்கும். பக்கேஜ்களைப் போல இவற்றை ஐந்து மாடி கீழே வைக்க முடியாது, மொட்ஸ் போல்டரிலோ ஒரே ஒரு உள்போல்டரிலோதான் இருக்க வேண்டும்.

ஒரே ஸ்கிரிப்ட்டின் இரண்டு பதிப்புகள் ஒன்றாகக் கிடந்தால்தான் பட்டன்கள் காணாமல் போவது, ஆட்கள் வந்த இடத்திலேயே நின்றுவிடுவது, 'லாஸ்ட் எக்செப்ஷன்' என்ற கோப்பு 'த சிம்ஸ் 4' போல்டரில் முளைப்பது எல்லாம் வரும். எம்சி கமாண்ட் சென்டர் போன்ற பெரிய மொட் ஒன்றல்ல, பல கோப்புகள் சேர்ந்தது. அதைப் புதுப்பிக்கும்போது புதியதை மேலே கொட்டிவிட்டால் போதாது. பழைய கோப்புகளில் சிலவற்றைச் செய்தவரே பிறகு கைவிட்டிருக்கலாம், அவை அப்படியே தங்கிவிடும். பழைய போல்டரில் உங்கள் அமைப்புக் கோப்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதை முழுவதுமாக வெளியேற்றி, பிறகு புதியதைப் போடுங்கள்.

திகதியை நம்பலாமா? பாதி. கோப்பில் தெரியும் திகதி சிலவேளை நீங்கள் கொப்பி எடுத்த நாள், சிலவேளை செய்தவர் சேமித்த நாள். பென் டிரைவ் ஊர் சுற்றி வந்தால் அது இன்னும் குழம்பும். 'மொடிபைட்' திகதியைப் பாருங்கள், 'கிரியேட்டட்' திகதியை விடுங்கள். அதுவும் சந்தேகமென்றால் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, செய்தவர் வெளியிட்ட இடத்திலிருந்து புதிதாக ஒன்றை இறக்குங்கள். இரண்டு மெகாபைட்டுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் துப்பறிய வேண்டாம்.

உடைகளிலும் இது வரும். பழைய கோப்பில் 12 நிறம், திருத்தியதில் 20 நிறம் என்று வையுங்கள். முதல் 12க்கும் எண்கள் ஒன்றாக இருக்கும். இரண்டும் போல்டரில் கிடந்தால் திரையில் 20 நிறமும் தெரியும், ஆனால் முதல் பன்னிரண்டு பழைய கோப்பிலிருந்து வந்து, திருத்தப்பட்ட தோள்பட்டை கிழிந்தபடியே நிற்கலாம். எங்கள் பட்டுச்சேலைக்கு நடந்தது இதுதான். மயில்கழுத்து நிறத்தில் முந்தானை தோளுக்குள் புகுந்து முதுகால் வெளிவந்தது. குங்கும நிறத்தில் ஒழுங்காக விழுந்தது. ஒரே சேலை, ஒரே ஆள். தங்கச்சி நிறத்தில்தான் கோளாறு என்று நினைத்து மயில்கழுத்தையே விட்டுவிட்டிருந்தாள். பழைய கோப்பை வெளியே எடுத்ததும் எல்லா நிறத்திலும் முந்தானை சரியாக விழுந்தது.

படி 6: சேர்த்துக் கட்டிய மூட்டைகள்

நூறு சிறு கோப்புகளை ஒன்றாக்கி ஒரே பக்கேஜாக விடுவது வழக்கம், விளையாட்டு கொஞ்சம் வேகமாகத் திறக்கும் என்பதால். பிரச்சினை என்னவென்றால் நீங்கள் அந்த மூட்டையையும் வைத்திருப்பீர்கள், அதற்குள் இருக்கும் பத்துக் கோப்புகளைத் தனியாகவும் வைத்திருப்பீர்கள். டூப்குருவுக்கு அது தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வேறு கோப்புகள்.

இங்கே சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்ற மென்பொருள் வேண்டும், அதுவும் இலவசம். சேர்க்கவும் பிரிக்கவும் அதில் வசதி உண்டு. ஸ்டூடியோவைக் கொண்டே சேர்த்த மூட்டையென்றால் பிரித்து, பழைய பெயர்களோடு தனித்தனியாக எடுக்கலாம். பிறகு படி 4ஐத் திரும்ப ஓட்டுங்கள். பிரிபடாத மூட்டையென்றால் அதைத் திறந்து 'வெயார்ஹவுஸ்' பகுதியில் உருப்படிகளின் டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் எண்களைப் பார்த்து ஒப்பிட வேண்டும். நூறு கோப்புக்கு அதைச் செய்யச் சொல்லமாட்டேன். சந்தேகமான ஒன்றிரண்டுக்கு மட்டும்.

என் கருத்தைக் கேட்டால், அடிக்கடி மாறும் எதையும் மூட்டையாகக் கட்டாதீர்கள். மாறாத தளபாடம், செடி, சுவர் நிறம் என்றால் கட்டலாம்.

படி 7: தோற்றம் மட்டும் ஒன்றானவை

திரையில் ஒரே பின்னல் இரண்டு தடவை தெரிகிறதா? ஆளை உருவாக்கும் திரையில் சிசி உருப்படிகளின் மூலையில் ஒரு குறடு அடையாளம் இருக்கும், கஸ்டம் கொன்டென்ட் மட்டும் காட்டும்படி வடிகட்டினால் தேடுவது சுலபம். இது பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே மூலத்தை எடுத்து நிறம் மாற்றி வெளியிட்டது.

அழிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நிறம் மட்டும் மாற்றிய கோப்புகள் சில, மூல உருவம் உள்ள கோப்பு இல்லாமல் ஓடாது. மூலத்தை இரட்டையென்று எறிந்தால் நிறங்கள் அத்தனையும் செத்துப்போகும். அதோடு எந்த ஆள் எதைப் போட்டிருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். குடும்பத்தை லைப்ரரியில் சேமித்துவிட்டு, டிரே இம்போர்ட்டர் என்ற மென்பொருளில் திறந்தால் அந்தக் குடும்பம் பயன்படுத்தும் சிசி கோப்புகளின் பட்டியல் வரும். அதில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள்.

படி 8: திறந்து பார்த்தல்

'த சிம்ஸ் 4' போல்டரில் 'லோக்கல் தம்ப் கேஷ்' என்று ஒரு பக்கேஜ் இருக்கும். அதை அழியுங்கள், விளையாட்டு தானே திரும்ப உருவாக்கிக்கொள்ளும். அழிக்காவிட்டால் எடுத்துவிட்ட உருப்படிகளின் படங்கள் ஆவி மாதிரி நின்று குழப்பும்.

அப்புறம் விளையாட்டைத் திறந்து, புதிய ஆட்டம் ஒன்றில் சோதியுங்கள். அது சரியென்றால் உங்கள் பழைய ஆட்டத்தைத் திறந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள், ஆனால் சேவ் பண்ணாதீர்கள். ஒரு கதிரை காணாமல் போயிருந்தால், சேவ் பண்ணாமல் வெளியேறி, கோப்பைத் திரும்ப வைத்துத் திறந்தால் கதிரை இருந்த இடத்திலேயே இருக்கும். சேவ் பண்ணிவிட்டால் கோப்பு வந்தாலும் கதிரை வராது, நீங்கள்தான் திரும்ப வாங்கிப் போட வேண்டும்.

விளையாட்டு அப்டேட் ஆன நாளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அப்டேட் வந்ததும் மொட்ஸ் தானாக நிறுத்தப்படும், அமைப்புகளுக்குள் போய்த் திரும்ப இயக்க வேண்டும். அன்றைக்கு எது உங்கள் கையால் போனது, எது அப்டேட்டால் போனது என்று பிரித்தறியவே முடியாது.

ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, எதுவென்று தெரியவில்லையென்றால் மொட்ஸில் பாதியை வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். கோளாறு போனால் அது எடுத்த பாதியில். அந்தப் பாதியைத் திரும்பப் பாதியாக்குங்கள். ஆயிரம் கோப்பு இருந்தாலும் பத்துத் தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம்.

படி 9: திரும்ப நிறையாமல் பார்த்துக்கொள்வது

மொட்ஸுக்கு வெளியே 'வந்தது' என்று ஒரு போல்டர் வைத்திருக்கிறேன். பென் டிரைவோ டவுன்லோடோ, எல்லாம் முதலில் அங்கே. டூப்குருவில் மொட்ஸை ரெபரன்ஸாகவும் 'வந்தது' போல்டரைச் சாதாரணமாகவும் வைத்து ஒரு ஓட்டம். கொப்பிகள் விழுந்ததும் மிச்சத்தைச் செய்தவர் பெயரில் உள்ள உள்போல்டருக்கு அனுப்புகிறேன்.

வெளியே நகர்த்திய கோப்புகளை ஒரு மாதம் வைத்திருந்து, எதுவும் குறையவில்லையென்று கண்ட பிறகு அழித்தேன். தங்கச்சி அடுத்த பள்ளி விடுமுறைக்கு வந்தபோது பென் டிரைவை நீட்டினாள். வாங்கி 'வந்தது' போல்டரில் போட்டு ஓட்டினேன். புதிதாக இருந்தது ஒரே ஒரு மூக்குத்தி.